பழையதிலே அது உண்டாக்கும்!

பழைய வெர்ஷன்காரர் என்று ஓர் இனம் உண்டு. அதை நான் முதன்முதலில் சந்தித்தது 1996இல், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், மாடியில் இருந்த ஒரு டி.டி.பி. சென்டரில். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, அதற்கு மேல் ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்து, இரண்டு சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆரியங்கோட்டு பஸ்ஸில் ரப்பர் ஷீட் கட்டுகளுக்கு நடுவே நின்று, உறை மடங்கிவிடாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்து இறங்கினேன். எங்கள் குடும்பத்தில் உறை போட்டு வைக்கவேண்டிய காகிதம் வாங்கியவன் நான்தான் முதல். முதலாளி மோகனன் சேட்டன் அதை இரண்டு முறை படித்தார். மூலையில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்த பொன்னுதாஸ் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்:

“மக்கா, டிகிரி எல்லாம் கொள்ளாம், நல்லதுதான். F7 தெரியுமா?”

தெரியவில்லை.

அங்கே இருந்தது கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து காட்டும் ஒரு மென்பொருள். அதில் F7ஐ ஒரு தட்டு தட்டினால் ஒரு வரி தனக்கு மேலே உள்ள வரியோடு இடம் மாறிக்கொள்ளும். இதென்ன பெரிய வித்தை என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் கேரள எல்லைப்புறத்தில் கல்யாணக் கடிதம் அடித்தவர் இல்லை. எங்கள் பக்கம் பெண் நெய்யாற்றின்கரையில் இருப்பாள், மாப்பிள்ளை மார்த்தாண்டத்தில் இருப்பான்; கடிதத்தில் இடது பக்கம் மலையாளம், வலது பக்கம் தமிழ்; இரண்டு பக்கத்திலும் கீழே உறவுக்காரர் பட்டியல். பெரியப்பா மேலேயா தாய்மாமன் மேலேயா, இளைய மாமனின் பட்டாள உத்தியோகம் மூத்த மாமனின் வயதுக்கு மேலேயா கீழேயா என்பதெல்லாம் நிச்சயதார்த்தத்தன்று தொடங்கி, அச்சகத்துக்குப் போகிற பஸ் ஹாரன் அடிக்கும் வரை தீராத வழக்கு. காலையில் ஒருவர் வந்து மாமனை ஏற்றச் சொல்வார். மதியம் இன்னொருவர் வந்து இறக்கச் சொல்வார். பொன்னுதாஸ் அண்ணன் தலை நிமிராமல் F7ஐத் தட்டுவார். மனிதர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். கல்யாணம் நடக்கும்.

இன்னொரு வசதி F3. கடைசியாக அழித்த மூன்று வரிகளையும் அந்த மென்பொருள் எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கும். F3ஐத் தட்டினால் திருப்பித் தரும்.

1997 சித்திரை விஷு முடிந்த வாரம் மோகனன் சேட்டன் திருவனந்தபுரத்திலிருந்து பதினொரு ஃப்ளாப்பியில் புதிய வெர்ஷன் கொண்டுவந்தார். பழையதை அழித்ததும் புதியதை ஏற்றியதும் இந்தக் கைதான். வெள்ளைத் திரை, மௌஸ், எழுத்துக்கு நிழல், நிழலுக்கு வண்ணம், பூங்கொத்துப் படம் மட்டும் அறுபது. எல்லாம் இருந்தன. வரி மாற்றுகிற F7 இல்லை. தட்டினால் ‘உதவி’ என்று ஒரு பக்கம் திறந்தது. F3உம் இல்லை. இனி ஒரு வரியை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். வெட்டியதில் ஒன்றே ஒன்றைத்தான் அது கையில் வைத்திருக்கும். அடுத்ததை வெட்டினால் முந்தையதைக் கைவிட்டுவிடும்.

அன்று காலை பத்தேகாலுக்குப் பொன்னுதாஸ் அண்ணன் பழைய வெர்ஷன்காரர் ஆனார். இனி இனத்தின் லட்சணங்களைக் கவனியுங்கள்.

இவர் புதியதைத் தொடமாட்டேன் என்று சொல்வதில்லை. தொடுவார். தொட்டுக்கொண்டே புலம்புவார். பழையதோடு வந்த, எந்தக் கீ என்ன செய்யும் என்று அச்சிட்ட அட்டைப் பட்டையைக் கீபோர்டின் தலையிலிருந்து கழற்ற விடமாட்டார். அதில் எழுதியிருக்கும் ஒரு வேலையையும் அந்தக் கீக்கள் இப்போது செய்வதில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது முறை F7ஐத் தட்டுவார், நாற்பது முறையும் உதவிப் பக்கம் திறக்கும், “எனக்கு எதுக்குடே இவனுக்க உதவி?” என்று நாற்பது முறையும் மூடுவார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், விண்ணப்பம் அடிக்க வந்தவர், படியில் மழைக்கு ஒதுங்கியவர் என எவரிடமும், “பழையதிலே அது உண்டாக்கும்” என்று, அந்த வசதி பழையதில் இருந்ததைச் சொல்லத் தொடங்குவார். எது என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள். மின்சாரம் போனால்கூடக் குற்றவாளி புதிய வெர்ஷன்தான்.

“பழையதில கரண்டு போகாதா அண்ணே?”

“போவும். ஆனா இப்பிடிப் போவாது.”

இதில் வேடிக்கை என்னவென்றால், பழையது உயிரோடு இருந்தபோது அதையும் இவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார். “சவம், இழுக்குது பாரு” என்று மானிட்டரின் மண்டையில் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். போய்ச் சேர்ந்த பிறகு புண்ணியவான் ஆவது மனிதன் மட்டும்தானா என்ன?

இப்படியே போயிருந்தால் இது வெறும் தலைவலிதான். ஆவணியில் சுகுமாரி அக்கா வந்தார்.

மகள் ஜிஷாவுக்குக் கல்யாணம். அக்காவின் மூத்த அண்ணன் தங்கப்பன் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டில் குடியிருப்பவர். அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டிவராமல் பெண் ஓர் அடி எடுத்துவைக்கமாட்டாள். அக்கா மூன்றாவது முறையாகப் படியேறி வந்து, “பொன்னுதாசே, அண்ணனைப் பெரியப்பாவுக்கு மேலே ஏத்து. அவரு வருத்தப்படப் பிடாது” என்றார்.

மலையாளப் பக்கத்தில் பொன்னுதாஸ் அண்ணன் வெட்டினார், ஒட்டினார், தங்கப்பன் ஏறினார். தமிழ்ப் பக்கத்தில் தங்கப்பனை வெட்டினார். ஒட்டியிருக்க வேண்டும். அந்த நொடியில் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் சும்மா இருக்கமாட்டாமல், “புதுசாக்கும், இல்லியா?” என்று கேட்டார்.

போதாதா?

அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். F7இன் பெருமை, F3இன் கருணை, பூங்கொத்துப் படங்களின் உபயோகமின்மை எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் விளக்கினார். விளக்கம் போதாதென்று செய்தும் காட்டினார்: “பாருங்க, இந்தப் பெரியப்பாவை வெட்டுகேன், திரும்ப இங்க ஒட்டுகேன். ஒரு மனுசனை அசைக்கதுக்கு எத்தனை பாடு!” பெரியப்பா மறுபடி பத்திரமாக உட்கார்ந்தார். கையில் இருந்த தங்கப்பன் போன இடம் தெரியவில்லை. சுகுமாரி அக்காவுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். அதில் தன் அண்ணன் முதலாவதாக நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டியவன் நான். நான் அப்போது பொன்னுதாஸ் அண்ணனை வாதத்தில் வெல்வதற்காகப் புதிய வெர்ஷனின் கையேட்டை வாசித்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் அச்சாகிப் பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று. ஐந்தாம் நாள் தங்கப்பன் படியேறி வந்தார். பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சுகுமாரி அக்கா.

“எவனாக்கும் இதை அடிச்சவன்? மலையாளத்தில நான் உண்டு. தமிழில நான் இல்ல. களியக்காவிளை தாண்டினா நான் செத்துப்போனேனா?”

கடிதத்தை மேசையில் விரித்துப் போட்டார்.

“எனக்க ஊருக்காரன் வாசிக்கது தமிழாக்கும். சாயக்கடையில வச்சு உரக்க வாசிச்சானுவ. நான் கல்யாணத்துக்கு வரல்ல. பிள்ளையைக் கம்ப்யூட்டர் கைபிடிச்சுக் கூட்டிட்டு வரட்டு.”

“அண்ணா, அப்பிடிப் பறயாதே. இனி பன்னெண்டு நாளே உள்ளு. நீ இல்லாம அவ இறங்குவாளா?”

“கம்ப்யூட்டர் உண்டே!”

மோகனன் சேட்டன் பொன்னுதாஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையேட்டைப் பார்த்தேன். அதில் மாமன்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்போது அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தம் வாழ்நாள் வசனத்தைச் சொன்னார்.

“மாமா, பழையதில இது நடக்காது.”

“எந்தப் பழையது?”

“பழைய வெர்ஷன். அதில உங்களை மூணு தடவை அழிச்சாலும் திரும்ப வருவீரு. இது ஒருக்க விழுங்கினா பின்னே தராது.”

“அப்பம் எதுக்குடே மாத்தினிய?”

“அதையாக்கும் மாமா நானும் நாலு மாசமாட்டு கேக்கேன்!”

தங்கப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனம் இனத்தை அடையாளம் கண்டுகொள்ளும் காட்சியை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். “ரேஷன் கார்டையும் மாத்தினானுவ. பழைய கார்டில எனக்க பேரு நேராட்டு இருந்துது” என்றார் அவர். “பஸ் நிறுத்துகது எங்க இப்பம்? பழைய இடத்துக்கு என்ன கேடு?” என்றார் இவர். சோப்பின் மணம், தீப்பெட்டியின் கனம், இன்லண்ட் கவரின் பசை என்று அரை மணி நேரம் இரண்டு பேரும் உலகத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். சுகுமாரி அக்கா அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி” என்று தங்கப்பன் எழுந்தார். “பழையதில அடிச்சுத் தா. நான் வாறேன்.”

“அது அழிச்சாச்சே” என்றார் மோகனன் சேட்டன்.

பொன்னுதாஸ் அண்ணன் தம் சோற்றுப் பையை எடுத்தார். டிபன் பாத்திரத்தை வெளியே வைத்தார். மீன்குழம்புக் குப்பியை வெளியே வைத்தார். அடியில் இரண்டு பாலித்தீன் உறைக்குள் ஒரு ஃப்ளாப்பி, அதில் பழைய வெர்ஷன்.

புதியதில் அடித்தது பழையதில் திறக்காது, முதலிலிருந்து அடித்தார். ஒரு பிழை இல்லை. கடைசியில் F7ஐத் தட்டித் தங்கப்பனை ஒரு வரி மேலே ஏற்றிக் காட்டினார். “இன்னொருக்கக் காட்டு” என்றார் தங்கப்பன். ஏறினார். “இன்னொருக்க.” ஏறி ஏறி மணமகன் பெயருக்கும் மேலே போய்விட்டார், அங்கிருந்து இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடிதத்தைப் புதிதாக அச்சடித்தோம். ஜிஷாவின் கையைப் பிடித்து மாமன் மணமேடைக்குக் கூட்டி வந்ததை நான் முன்வரிசையில் இருந்து பார்த்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் பொன்னுதாஸ் அண்ணன் வென்றவர். ஆனால் மறு வருஷம் அதற்கும் புதிய வெர்ஷன் வந்தது. அதில் F7 வரி மாற்றியது! நான் துள்ளிக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஒரு முறை தட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“இது எதுக்கு மக்கா? வெட்டி ஒட்டினா நம்ம கையில ஒரு பிடி உண்டு. இது என்னவோ தானாட்டு போவுது.”

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் செய்தித்தாள் ராசிபலனை மூன்றாம் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கத்துக்கு மாற்றியபோது ஆசிரியருக்குக் கார்டு போட்டது யார்? மருமகள் உப்பு டப்பாவை இடம் மாற்றிய அன்று வீட்டில் சாப்பிடாமல் போனது யார்? நான் பெயர் சொல்லவில்லை.

பொன்னுதாஸ் அண்ணன் இப்போது அதியன்னூரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் பழையது, மற்றதில் அதற்கும் பழையது. தங்கப்பன் வாரம் ஒருமுறை பஸ் ஏறி அங்கே பேசப் போகிறார். பொன்னுதாஸ் அண்ணனின் நாற்காலியில் இங்கே நான் இருக்கிறேன். போன மாதம் மோகனன் சேட்டன் ஒரு சி.டி.யோடு வந்தார், மறுநாள் பார்த்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திய மூன்று வசதிகள் திரையில் இல்லை. நான் பட்டதாரி, ஒன்றும் புலம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதியன்னூர் போய்ப் பழைய வெர்ஷன் ஃப்ளாப்பி ஒன்று வாங்கி வந்தேன். அது மடங்கக்கூடாதல்லவா? சான்றிதழ்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அந்தப் பிளாஸ்டிக் உறையில் இப்போது இருப்பது அதுதான்.