தெரசாவும் கோடிட்ட இடங்களும்

சேசு மரி சூசை துணை

கே.கே. நகர், மதுரை-20
(இது சின்னக் கோடு, கவனிக்கவும்)
9.8.1982

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் லூர்துராஜ் அவர்களுக்கு, இன்னாசிமுத்து எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் என் சர்க்கரை வியாதியும் நலம். பேரையூரில் தாங்களும் அக்காவும் தங்கள் மூச்சிரைப்பும் எப்படி? மழை உண்டா? இங்கே மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

நிற்க. தெரசா அத்தனை வருஷம் பாடம் நடத்திய பெண்கள் பள்ளிக்கு வருகிற ஞாயிறு, பரலோக மாதா திருநாளன்று, பொன்விழா. அன்றைக்கு வெளியிடும் மலரில் அவளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கிலீஷ் பகுதிக்கு நான்தான் ஆசிரியர். ஆகையால் அந்தப் பக்கத்தை நானே எழுதுவதுதான் முறை. உட்கார்ந்தேன். 'மை வைஃப்' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அவள் போய் இரண்டு வருஷமாகியும் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எதை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உடன்பிறந்த உங்களைக் கேட்டேன். நீங்களும் உடனே எழுதி அனுப்பினீர்கள். மிக்க நன்றி. ஆனால் மச்சான், அது கட்டுரையா, தண்டவாளமா? வரிக்கு வரி நீளக் கோடு.

சின்னக் கோடு இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு, மதர்-இன்-லா என்பதில் இருக்கிறதே, அந்த மாதிரி. நீளக் கோடு, பேச்சு சட்டென்று திரும்புகிற இடத்தில், வேறு வழியே இல்லாதபோது போடுவதற்கு. இலை ஓரத்தில் ஊறுகாயாக வைக்க வேண்டியதை நீங்கள் சோற்றுக்குப் பதிலாகப் பரிமாறியிருக்கிறீர்கள். எல்லாம் தாலுகா ஆபீஸில் குறிப்பு எழுதிப் பழகிய தோஷம். சம்பந்தம் பேசியபோது நீங்கள் எனக்குப் போட்ட முதல் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? 'சிஸ்டர் — வில்லிங் — டேட் — ப்ளீஸ்.' வாசித்துக் காட்டியதும் தந்தி என்று நினைத்து, "யார்ரா போயிட்டாக?" என்று என் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தெரசா உங்கள் கடிதத்தை உரக்க வாசிப்பாள். கோடு வருகிற இடத்திலெல்லாம் உங்களைப் போலவே நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்குவாள். நான், "அது இலக்கணமில்லை" என்பேன். "எங்கண்ணன் மூச்சு வாங்குறதுக்கு இலக்கணம் வேற வேணுமாக்கும்" என்பாள். இந்த வாக்குவாதத்தில் அடுப்பில் கறி கருகும். கருகிய கறியைச் சிரித்துக்கொண்டே தின்போம். அந்த மாதிரி ஞாயிறு இப்போது வருவதே இல்லை, மச்சான்.

சரி, கட்டுரையைத் திருத்தலாமென்று பக்கத்துத் தெரு இன்ஸ்டிடியூட் அன்னக்கொடியிடம் டைப் அடிக்கக் கொடுத்தேன். நல்ல பிள்ளை, வேகம் அதிகம். மெஷினில் இருப்பதோ சின்னக் கோடு மட்டும்தான். அதை இரண்டு தடவை தட்டினால் நீளக் கோடாகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை போலும். இடைவெளியே விடாமல் ஒற்றைத் தட்டாகத் தட்டி, அக்கம்பக்கத்து வார்த்தைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்து வைத்துவிட்டது. தெரசாவுக்குப் பிரம்போடு கல்யாணம். "ஏம்மா இப்படி?" என்றால், "எல்லாம் கோடுதான சார், எம்புட்டு நீளம்னு மெஷினுக்குத் தெரியுமா?" என்கிறது. வேறு வழியில்லாமல் அடிக்கோலை வைத்துச் சிவப்பு மையால் ஒவ்வொரு கோட்டையும் நானே நீட்டினேன். எதையெல்லாம் அடித்துவிடுவது என்று அச்சில் பார்த்து முடிவு செய்யலாமென்று பரவையிலுள்ள அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே எழுத்துக் கோக்கிறவர் முத்திருளன். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அச்சடித்தே வாழ்கிற அச்சகம் அது. மறுநாள் முத்திருளன் புரூஃப் கொண்டுவந்தார். பார்த்தேன், மச்சான். நான் நீட்டிய கோடுகளெல்லாம் காலி இடங்கள். தலைப்பில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. என் தெரசா அரைப்பரீட்சைக் கேள்வியாக நிற்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் அசரவில்லை. "கோடு போட்டா நெரப்புறதுக்குத்தானய்யா? மார்க்கு எம்புட்டுன்னு நீங்க எழுதல. நானாத்தான் பத்துன்னு போட்டேன். திருத்தி வைங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்று சைக்கிளை மிதித்துவிட்டார்.

அதை மேஜையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆயுசு முழுக்க வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு முன்னால் காலி இடம் கிடந்தால் கை சும்மா இருக்குமா? இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். 'தெரசா பிரம்பை எடுத்ததே இல்லை' என்று எழுதி நீங்கள் ஒரு கோடு போட்டிருந்தீர்கள். அந்த இடத்தில், 'வீட்டில் அகப்பையை எடுத்ததுண்டு' என்று நிரப்பினேன். 'கண்ணாடியைக் கழற்றினால் வகுப்பே அடங்கிவிடும்' என்று எழுதி ஒரு கோடு. 'கழற்றினால் அவளுக்குக் கண்ணே தெரியாது, பிள்ளைகளுக்கு அது தெரியாது' என்று நிரப்பினேன். 'பூசைக்கு முதல் ஆளாக நிற்பாள்' என்று இன்னொரு கோடு. 'பிரசங்கத்தில் அவள் தூங்கி விழுவது ஆண்கள் பக்கமிருந்தே தெரியும்' என்றேன். 'கடைசிவரை தன் நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை' என்று எழுதி நீங்கள் பெரிய கோடாகப் போட்டிருந்தீர்கள். அதில் வெகுநேரம் நின்றுவிட்டேன். பிறகு, 'என் சர்க்கரைக்கு மருந்து வாங்க டாக்டரிடம் கூடவே வருவாள், தன்னைக் காட்டாமலே திரும்பிவிடுவாள்' என்று எழுதினேன். முடித்தபோது பக்கம் நிறைந்திருந்தது. ஆனால் அது வீட்டுப் பேச்சு. ஊர் வாசிக்கிற எழுத்தல்ல. கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து ஒரு கோடுகூட இல்லாமல் கட்டுரையைத் திரும்ப எழுதி, வியாழக்கிழமைக்குள் என் கையில் கிடைக்கும்படி அனுப்பவும். கமா இருக்கிறது, முற்றுப்புள்ளி இருக்கிறது, இரண்டும் நல்ல சாதுக்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரத்தைப் போட்டுவிடுவேன். தப்பான இங்கிலீஷில் தெரசாவை அச்சேற்ற நான் சம்மதிக்க மாட்டேன். இது உறுதி.

அக்காவுக்கு என் தோத்திரம். வீட்டுப் பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை வரைந்துவிடவும். வேளாவேளைக்கு மருந்து சாப்பிடவும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
இன்னாசிமுத்து

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள், நான் காய் வாங்கப் போயிருந்த சமயம் முத்திருளன் வந்து, மேஜையில் கிடந்த தாளைத் திருத்திய புரூஃப் என்று நினைத்து எடுத்துப் போய், நான் நிரப்பியதையெல்லாம் ஒன்று விடாமல் கோத்து அத்தனை பிரதியும் அடித்து முடித்துவிட்டார், அகப்பை உட்பட. தலைமை சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க ஓடினேன். அவர்கள் வாசித்துச் சிரித்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடையில நீங்களே வாசிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை. மச்சான், சனிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடுங்கள். நீங்கள்தான் வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று வாசியுங்கள். நீங்கள் நிற்கிற இடத்திலெல்லாம் நான் மூக்கைச் சிந்திக்கொள்கிறேன்.