மேற்படி கொப்புளம்

ஹெர்பிஸ் என்றொரு கிருமி இருக்கிறது. உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் போடும். பத்து நாளில் நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆளுக்குக் கவலை வந்தால் மறுபடி எழுந்து எட்டிப் பார்க்கும். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு உண்டு என்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் இருக்காது.

இதற்கு மருந்து தேட ஓர் அரசு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே ஓர் ஆராய்ச்சிக்காரம்மா எட்டு வருடமாக நூற்றுப் பதினேழு செடிகளை அரைத்து வடித்துப் பார்த்தார். கடைசியில் கூடத்தின் பின்சுவரில் முளைத்த களையின் சாற்றில் கிருமி சுருண்டு கிடந்தது. நான் பொய் சொல்வேன், நுண்ணோக்கி சொல்லுமா? இனி மனிதக் கொப்புளத்தில் தடவிப் பார்க்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஒன்றாவது ஆறாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

உதடு கொடுக்க முன்வந்தவர் ஒரே ஒருவர், பேண்டு வாத்தியத்தில் ட்ரம்பெட் ஊதுகிறவர். அவரை அழைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்காரம்மா இயக்குநரிடம் போனார்.

"ஐயா, இவருக்குக் கொப்புளம் வந்திருக்கு. மருந்து தடவ அனுமதி வேணும்."

"தாராளமா. இருபத்தொரு வேலை நாள் ஆகும்."

"பத்து நாள்ல அதுவா ஆறிடுமேங்க!"

"அவ்வளவு அவசரக் கொப்புளத்துக்கு அரசாங்கம் என்னம்மா பண்ணும்? அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கச் சொல்லுங்க."

விண்ணப்பித்தார்கள். 'வரவிருக்கும் கொப்புளத்தின் இடம்' என்ற கட்டத்தில் 'கீழுதடு, இடப்பக்கம்' என்று உத்தேசமாக எழுதினார்கள். அனுமதி வந்தது. அலைந்த கவலையில் கொப்புளமும் வந்தது, மேலுதட்டில், வலப்பக்கம்.

"யார் அனுமதியில இடம் மாறுச்சு?" என்றார் இயக்குநர்.

"கையெழுத்துப் போட்டது நான்தாங்க. கொப்புளம் போடலையே!" என்றார் ட்ரம்பெட்காரர்.

விளக்கம் கேட்டு மேற்படி கொப்புளத்துக்குக் குறிப்பாணை போனது. ஏழு நாளில் பதிலளிக்கத் தவறிய கொப்புளம், எட்டாம் நாள் தலைமறைவானது.

ஆண்டு முடிய நான்கு நாள் இருக்கையில், மேலதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல். இயக்குநருக்குத் தூக்கம் போச்சு. மறுநாள் காலை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆய்வறைக்குள் நுழைந்தார். கைக்குட்டையை விலக்கினால், உதட்டில் திராட்சைக் கொத்து.

"அந்தப் பச்சைத் தைலம் இருக்காம்மா?"

"இருக்குங்கய்யா. இருபத்தொரு வேலை நாள்..."

"கொண்டாங்கம்மா அந்தப் படிவத்தை!"

இருபத்தொரு நாள் அனுமதி இருபத்தொரு நொடியில் கையெழுத்தானது. தடவினார்கள். மூன்றாம் நாள் உதடு குழந்தை உதடு மாதிரி ஆகிவிட்டது. மேலதிகாரியைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தார் இயக்குநர்.

ஆராய்ச்சிக்காரம்மா கண் கலங்க அறிக்கை எழுதி நீட்டினார். படித்த இயக்குநரின் முகம் சுருங்கியது.

"எனக்கு ஹெர்பிஸ்னு கோப்புல ஏறலாமா? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?"

தம் கைப்படத் திருத்தினார்: "மருந்துக்கு முன்: கொப்புளம் இல்லை. மருந்துக்குப் பின்: கொப்புளம் இல்லை. முடிவு: மருந்தால் யாதொரு மாற்றமும் இல்லை."

ஆராய்ச்சியை மூடினார்கள். அம்மா களைச்செடியைப் பிடுங்கித் தொட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுவாரமே இயக்குநரிடமிருந்து கடிதம்: "பலனற்றது என முடிவு செய்யப்பட்ட மேற்படி மருந்தில் இரண்டு புட்டி அனுப்பவும். எனக்கல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கு." மேலதிகாரியும் எழுதினார், அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்காக. ட்ரம்பெட்காரர் மட்டும் நேரில் வந்து, தனக்கென்று கேட்டு வாங்கிப் போனார்.

இதுவரை நானூறு கடிதம் வந்திருக்கிறதாம். என்னுடையதும் அதில் ஒன்று. என் பக்கத்து வீடு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.