மாப்பிள்ளை மாட்டிய வவ்வால் பெட்டி

தாராவி,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான நாசரேத் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் அய்யாத்துரை தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் பிரேமலதாவும் மகள் ஜான்சியும் தேவ கிருபையால் சுகம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? போனிலேயே கேட்டிருப்பேன், இப்போது போனில் பேசவே பயமாக இருக்கிறது.

காரணம், நீங்கள் பார்த்துச் சொன்ன, வவ்வால் ஆராய்ச்சி செய்கிற மாப்பிள்ளை ராஜகுமார்தான். நேற்று கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு ஓலை வாசிப்பதற்குள் யாராவது ஆட்சேபம் சொன்னால்தான் கல்யாணம் நிற்கும். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் ஜான்சி சோறு தின்ன மாட்டாள்.

போன மாதம் என் டப்பாக் கடைக்கு வந்து, காற்றுக்கூடப் புகாத மூடி போட்ட டப்பாவாகப் பார்த்து இருபது வாங்கினான். வாங்கிய கையோடு அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஓட்டை போடுகிறான், அத்தான்! கேட்டால், "உள்ள தண்ணி போகக்கூடாது மாமா, மைக்குக்குச் சத்தம் மட்டும் போகணும். வவ்வால் கத்துறதைப் பதிவு பண்ணுற மிஷின்" என்கிறான். அந்தச் சத்தம் மனுஷன் காதுக்குக் கேட்காதாம். கேட்காததையே பிடிக்கிறவன், கேட்கிறதை விட்டுவைப்பானா? மூன்று பென்சில் செல்லில் ஒரு மாதம் ஓடுமாம். எப்படி என்றால், சும்மா இருக்கும்போது தூங்கிவிடுமாம், வவ்வால் கத்தினால்தான் விழிக்குமாம். தூங்குவதுபோல நடிக்கிறவர்களை நான் கடைத்தெருவில் நிறையப் பார்த்தாயிற்று.

அதில் ஒன்றை என் கடைக்கு எதிரே உள்ள அரசமரத்திலேயே மாட்டினான். பம்பாயில் வேறு மரமே இல்லையா? பக்கத்துக் கடை ஷாகுல் ஹமீது வேற, "அண்ணாச்சி, சூதானமா இருங்க, போலீசுக்குத் துப்பு சொல்லுற கபரியா இருக்கப்போறான்"னு காதுல ஓதிட்டுப் போனான். ஒரு வாரமா தினமும் ஏழு மணிக்குக் கடையை அடைச்சு, சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டு, மரத்தடியில பத்து நிமிஷம் நின்னு உளவு பார்த்தேன். வாயைத் திறக்கலை, தும்மல் வந்ததைக்கூட அடக்கிக்கிட்டேன்.

முந்தாநாள் ஜான்சி சிரிச்சுக்கிட்டே சொல்லுதா: "அப்பா, அவர் சொன்னார், நம்ம மரத்துக்கு டெய்லி ஏழு மணிக்கு ஒரு விசித்திரமான வவ்வால் வருதாம். பத்து நிமிஷம் ஒரே இடத்துல நிக்குமாம்." மாட்டிக்கிட்டான் பாருங்க! ஏழு மணிக்கு அங்க நிக்கது நானு. வவ்வாலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இப்பவே இந்தப் புளுகு புளுகுறவனுக்கா என் பிள்ளையைக் கொடுக்க?

உடனே ஆட்சேபம் எழுதி அனுப்புங்கள். அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
கலங்கிய மனதுடன்,
அய்யாத்துரை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மாப்பிள்ளையே கடைக்கு வந்தார். நேராகவே கேட்டுவிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, அது உங்க இடுப்புச் சாவிக்கொத்து. சாவி ஒண்ணோட ஒண்ணு உரசுனா நம்ம காதுக்கு எட்டாத சத்தமும் வரும். மிஷின் வேலை செய்யுதான்னு பாக்கவே நாங்க சாவியைத்தான் ஆட்டுவோம். கடை அடைக்கிற நேரத்துக்கே வந்ததால, ரெண்டாம் நாளே நீங்கதான்னு தெரிஞ்சிட்டு. ஜான்சி கேட்டா, உங்களைக் காட்டிக்குடுக்க மனசு வரலை, வவ்வால்னுட்டேன்" என்றார். வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது. என் மானத்தைக் காப்பாற்றவே புளுகியிருக்கிறார், அத்தான்! ஆட்சேபம் கீட்சேபம் ஒன்றும் வேண்டாம். டிக்கெட் போட்டுக் குடும்பத்தோடு வாருங்கள். ஒன்றே ஒன்று: இத்தனை தங்கமான பையனை அவர் ஊர் சாயர்புரத்துக்காரர்கள் இதுவரை பெண் கொடுக்காமல் ஏன் விட்டுவைத்தார்கள்? அதை மட்டும் சத்தமில்லாமல் விசாரித்து எழுதுங்கள்.