ஐந்தாவது பாட்டில் எழுந்து ஓடியவர்கள்

ஒரு காட்டில், மூடிப்போன சர்க்கரை ஆலையின் பின்சுவரை ஒட்டி, கொம்பையன் என்றொரு காட்டுப்பன்றி வாழ்ந்து வந்தான். சேறு இருந்தது, கிழங்கு இருந்தது, பாசமான அக்கா ஒருத்தி இருந்தாள். அதோடு நின்றிருக்கலாம். கலை ஆர்வமும் இருந்து தொலைத்தது.

'துருப்பல்' என்று ஓர் இசைக்குழு தொடங்கினான். மனிதர்கள் இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்கிறார்களே, அந்த வகை. மரங்கொத்தி ஆலையின் இரும்புத் தூணைக் கொத்தியது. முள்ளம்பன்றி தகரத்தில் முதுகைத் தேய்த்தது. கொம்பையன் உறுமினான். இரண்டு மழைக்காலம் உழைத்து, எட்டுப் பாட்டுகளோடு 'அரவை' என்ற ஆல்பத்தை முடித்தார்கள்.

எட்டாவது பாட்டு அக்கா சடைச்சியைப் பற்றியது. அவன் குட்டியாக இருந்தபோது வேட்டைநாய்களுக்குக் குறுக்கே நின்று அவனைக் காப்பாற்றியவள் அவள். அதற்கு ஒரு நன்றிகூட அவன் வாயில் வந்ததில்லை. பாட்டில் சொல்லிவிட்டான். அக்கா அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தான்.

தவறு ஐந்தாவது பாட்டில் நடந்தது. "ஆபத்து, ஓடுங்கள்" என்பதற்குப் பன்றிகளிடம் ஓர் உறுமல் உண்டு. உயிர் போகிற நேரத்தில் மட்டும் போடுவது. அதைவிட உண்மையான சத்தம் உலகத்தில் இல்லை என்று தோன்றியதால், கொம்பையன் அதையே பல்லவியாக வைத்தான். இருபத்துநான்கு முறை.

வெளியிடும் முன் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. தாலாட்டு, கல்யாணம், சாவு, பக்தி, இதர என்று ஐந்து கட்டங்கள்.

"இதுல எதுங்க?" என்றது எழுத்தர் குரங்கு.

"இதர."

"இதரன்னா மூணு காப்பி வேணுமுங்க. ஆந்தைகிட்ட ஒலி மாசுச் சான்றும் வாங்கிட்டு வந்துருங்க."

ஆந்தை அலுவலக நேரத்தில் தூங்கும் அதிகாரி. நாற்பது நாள் ஆயிற்று.

ஒரு மார்கழி விடியலில் வெளியீட்டு விழா நடந்தது. பன்றிக் கூட்டம் முழுவதும் வந்து நான்கு பாட்டுகளைப் பொறுத்துக்கொண்டது. சொந்தக்காரன் கச்சேரி, வேறென்ன செய்ய முடியும்? ஐந்தாவதில் பல்லவி வந்ததும் அத்தனை பேரும் ஓடையைத் தாண்டி ஓடினார்கள். முதலில் ஓடியவள் சடைச்சி. மிஞ்சியவர் விமர்சகர் உடும்பு ஒருவர்தான். வெயில் ஏறாமல் அவரால் அசைய முடியாது.

அவர் எழுதினார்: "முழுதும் கேட்டேன். எழுந்து போக இயலவில்லை. ஐந்துக்கு ஒன்றரை."

"ஏன்க்கா ஓடுன?" என்றான் கொம்பையன்.

"எனக்கென்னடா தெரியும்? மனசு உக்காருன்னுதான் சொல்லுது. காலு கேக்க மாட்டீங்குது."

குழுவின் மேலாளர் மைனா. அது ஆல்பத்தை அடிவாரத்துச் சந்தைக்குக் கொண்டுபோனது. ஒரு மாதத்தில் அத்தனை மக்காச்சோளக் காட்டிலும் கம்பம் நட்டு, ஸ்பீக்கர் கட்டி, அந்தி முதல் விடியும்வரை 'அரவை'யை ஒலிக்கவிட்டார்கள். விவசாயிகள் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். "மூன்று ஏக்கர், ஒரு கதிர் சேதமில்லை." "ஐந்தாம் பாட்டு நல்ல பவர். யானைக்கும் ஒன்று போடவும்."

உடும்பு மறுவிமர்சனம் எழுதினார்: "முதல் தடவை கேட்டபோதே ஆடாமல் அசையாமல் அமர்ந்திருந்தேன்."

கொம்பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வந்து நின்றபோதுதான் புரிந்தது. கூட வந்த அவள் குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

"மூணு வாரமா வெறுங் கோரைக்கெழங்கு, தம்பி. சோளக்காட்டுப் பக்கம் போனாலே உன்ற பாட்டு தொரத்துது."

"அது நான்தான்க்கா. ஆபத்தெல்லாம் ஒண்ணுமில்ல. காலை ஊணி நின்னு பாருங்க, பழகிரும்."

பழகியது. முதல் நாள் பாதிப் பேர் நின்றார்கள். பத்தாம் நாள், பல்லவிக்குத் தலையை ஆட்டிக்கொண்டே எல்லோரும் கதிரை மென்றார்கள். அன்றைக்குச் சடைச்சி எட்டாவது பாட்டையும் கேட்டுவிட்டு நேரே தம்பியிடம் வந்தாள்.

"நாலு நாயின்னு பாடியிருக்கிற. ரெண்டுதான்டா வந்துச்சு."

கொம்பையன் ஆலைக்குள் போய்க் குமுறிக் குமுறி அழுதான். அவ்வளவு சந்தோஷம்.

அடிவாரத்திலிருந்து புது விமர்சனங்கள் வந்தன. "முன்பு போல் இல்லை. பன்றிகள் தாளம் போடுகின்றன. ஒரு ஸ்டார்." விவசாயிகள் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு வேட்டைநாய்களைக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலையில் கொம்பையன் கரட்டு மேட்டில் நின்று கீழே பார்த்தான். சோளக்காட்டின் ஓரத்தில் சடைச்சியும் குட்டிகளும் கூட்டமும் மேய்ந்துகொண்டிருந்தார்கள். இருபுறமும் நாய்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அடிவயிற்றிலிருந்து அந்த உறுமலைப் போட்டான்.

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. "ஸ்பீக்கர கழட்டிட்டாங்கன்னு வருத்தப்பட்டமே, ஆளே நேர்ல வந்துட்டான்" என்றது ஒரு கிழப்பன்றி. எல்லோரும் தலையை ஆட்டத் தொடங்கினார்கள்.

"அக்கா, நாய்!" என்று கதறிவிட்டு மறுபடியும் உறுமினான்.

சடைச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ற தம்பி" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பிறகு மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ரெண்டுதான்னு சொன்னேன்ல, சாமி? மாத்திப் பாடு."

கூட்டத்தில் பாதி திரும்பி வந்தது. சடைச்சி வரவில்லை. கொம்பையன் அதன்பின் வாய் திறக்கவேயில்லை.

வெயில் காய மேட்டுக்கு வந்திருந்த உடும்பு எழுதினார்: "நேரடி நிகழ்ச்சி உருக்கம். ரசிகர்கள் கடைசிவரை இடத்தை விட்டு அசையவில்லை. ஐந்துக்கு ஐந்து."

நீதி: நம் பாட்டைக் கேட்டு எழுந்து ஓடும் சொந்தங்களைத் தடுக்கக் கூடாது. ரசிக்கத் தொடங்கிவிட்டால் அவர்களைக் காப்பாற்ற முடியாது.