போய்ச் சேராத மனிதரும் பெருக்காத வீடும்

எனக்கு எழுத வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கோணலாக எழுதுவேன், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். மறக்கவே மாட்டேன் என்கிற ஒரு மானக்கேட்டைத்தான் சொல்ல வந்தேன்.

அறுபதுகளில் தாராவியில் எங்களுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை இருந்தது. முன்னால் வீடு, பின்னால் பட்டறை, நடுவில் ஒரு சாக்குத் திரை. வியாபாரம் படுத்துவிட்டது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்றாவது கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் மாதிரிப் பைகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் வெளியூர் கிளம்பினால், போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டைப் பெருக்கக்கூடாது. திருநெல்வேலிக்கு ரயிலேறினால் ஒரு வாரத்தில் கடிதம் வந்துவிடும், பெருக்கிவிடலாம். (அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்த தூரம் அவ்வளவுதான்.)

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து முதல் கடிதம் வந்தது. "லண்டன் வந்து சேர்ந்தேன்" என்று இருந்தது. வாரியலை (துடைப்பத்தைத்தான் சொல்கிறேன்) கையில் எடுத்துவிட்டேன். அடுத்த வரி: "நாளைக் காலை வேறு ஊருக்குக் கிளம்புகிறேன்." வாரியலை மூலையில் வைத்துவிட்டேன்.

இப்படியே ஒவ்வொரு கடிதமும். முதல் வரியில் சேர்வார், இரண்டாம் வரியில் கிளம்புவார். மற்றபடி எல்லாம் பாடுதான். பெட்டி தூக்கித் தோள் வீங்கிவிட்டது. காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, இரவில் ரொட்டியோடு அவித்த உருளைக்கிழங்கு. ஒரு கடையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துப் பூட்டப் போனார்களாம். அந்த மனிதர் அங்கே இப்படி அல்லாட, நான் இங்கே பெருக்குவேனா? ஒரே கூரைதானே என்று பட்டறையிலும் யாரையும் வாரியலைத் தொட விடவில்லை. தோல் தூசியும் வெட்டுத் துண்டும் கணுக்காலைத் தொட்டன.

பக்கத்து வீட்டுச் சந்தனம் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பாள்.

"ஏட்டி செல்லம், இன்னுங் கொஞ்ச நாளு போனா இதுல வெண்டைக்கா போடலாம்ட்டி."

"அவிய ஒரு எடத்துல உக்காரட்டும்க்கா, தூத்திருதேன்." (பெருக்குவதை நாங்கள் தூத்துவது என்போம்.)

அங்கே ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் ஒரு கடைக்காரருக்குப் பைகள் பிடித்துப்போயின. பட்டறையைப் பார்த்துவரச் சொல்லித் தன் பம்பாய் ஏஜென்டுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. வெள்ளைச் சட்டை, டையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் உள்ளே ஒரு காலை வைத்தார், செருமினார்.

"பாயி, ஜாடு நஹி ஹை க்யா?"

துடைப்பம் இல்லையா என்று கேட்கிறார். என் இந்தி காய்கறி வாங்குவதோடு சரி. கதவிடுக்கிலிருந்து சொன்னேன்: "ஹை. லேகின் நஹி." (இருக்கு, ஆனா இல்லை.)

அவர் வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலைந்து நாளில் தந்தி வந்தது. தந்தி என்றதும் எனக்கு உயிர் இல்லை. கொண்டுவந்தவர் படித்து இந்தியில் சொல்ல, சந்தனம் அக்கா தமிழில் சொன்னாள்.

"அழாதட்டி. ஒன் வீட்டுக்காரர் ஹாம்பர்க்லதான் இருக்காவளாம். குப்பையப் பத்தி ஏஜென்டு எழுதிட்டாராம். அடுத்தாப்ல போக இருந்த ரோமுக்குப் போகலியாம். நீ தூத்துற வரைக்கும் நகர மாட்டாவளாம். ஏஜென்டு மறுபடி வாறாராம்."

தந்திக்காரர் என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்கத்தில் அந்தக் குப்பைக்குள்ளேயே புதைந்துபோகலாம் போல இருந்தது.

வாரியலை எடுத்தேன். அத்தனை நாள் ஆத்திரமும் கைக்கு வந்துவிட்டது. குனிந்த தலை நிமிராமல், பட்டறையிலிருந்து முன்வாசல்வரை மலைபோலத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரே வீச்சாக வெளியே வீசினேன்.

வெளியே ஏஜென்ட் நின்றிருந்தார்.

வெள்ளைச் சட்டை செம்மண் நிறமானது. தும்மினார், தும்மினார், தும்மிக்கொண்டே இருந்தார். நான் வாரியலோடு ஓடிப்போய்ச் சாக்குத் திரைக்குள் ஒளிந்துகொண்டேன். சந்தனம் அக்காதான் ஒரு வாளித் தண்ணீரும் டீயும் கொடுத்து அவரைக் காப்பாற்றினாள். மனிதர் தும்மலோடு சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பட்டறை சுத்தம். வாசலில் மட்டும் கவனமாக நிற்கவும்" என்று ஹாம்பர்க்குக்கு எழுதினாராம். ஆர்டர் கிடைத்துவிட்டது.

வீட்டுக்காரர் பாதி ஆளாகத் திரும்பி வந்தார். திட்டுவார் என்று பயந்து நின்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"லண்டன்ல நான் வாசலத் தாண்டுததுக்குள்ள ஓட்டல் ரூமத் தூத்திட்டாளுவட்டி. அதான் அங்க ஒண்ணும் வெளங்கல."

இப்போது வெளிநாடு போவது என் மகன். எந்த ஊரில் இறங்கினாலும் "வந்துட்டேம்மா" என்று சொல்வதில்லை. "தூத்திக்கோங்க" என்றுதான் போனில் சொல்கிறான். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாலும் அதே கேலிதான்.

அந்த ஊர் ஹாம்பர்க்தானா, தந்தி வந்தது முதலிலா ஏஜென்ட் வந்தது முதலிலா என்றெல்லாம் எனக்குக் குழம்புகிறது. விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துத் தாருங்கள். மகனிடம் கேட்கலாம் என்றால், அவன் நேற்றிலிருந்து எங்கேயோ வானத்தில் இருக்கிறான். காலுக்கடியில் மண் நறநற என்கிறது.