கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கிய மாப்பிள்ளை

என்னைப் போன்ற ஆட்களைக் கல்யாணத்தன்று கயிற்றால் கட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். (மணிக்கட்டில் கட்டும் காப்புக் கயிற்றைச் சொல்லவில்லை. மாட்டுக்குக் கட்டுகிற கயிற்றைச் சொல்கிறேன்.)

எங்களுக்குப் பாகூர். பெண்ணுக்கு மடுகரை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிச் சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஒரே மகள் என்பதால் கல்யாணம் தங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டுமென்று அவள் அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முகூர்த்தத்தன்று விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம்.

காப்பு கட்டியதிலிருந்து எனக்குக் கவிச்சி கிடையாது. சாம்பார், ரசம், மறுபடியும் சாம்பார். கூழும் கருவாட்டுக் குழம்புமாக வளர்ந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்? கனவில்கூடக் கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான் கொதித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் முகம் ஒரு நாளும் வரவில்லை.

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் பஸ் சூடாகி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போனார். ஆளில்லாமல் கிடந்த பழைய சுங்கச்சாவடிக் கொட்டகையின் நிழலில் ஓர் அம்மாள் கூழ்ப்பானையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சட்டி. அதன் மூடியைத் திறந்தார். அவ்வளவுதான், என் வாழ்க்கை போயிற்று.

என் பக்கத்தில் பெரியம்மா மகன் கோவிந்தசாமி அண்ணன் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். ஜரிகைத் தலைப்பாகையையும் மாலையையும் கழற்றி அவர் மடியில் வைத்தேன்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்ணே."

"சீக்கிரம் வாடா" என்றார், கண்ணைத் திறக்காமலே.

கூழ் விற்ற அம்மாள் முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்த்தார். "இன்னா தம்பி, கையில காப்பு கட்டியிருக்குது? கண்ணாலமா?"

"ஆமாக்கா."

"கருவாடு துன்னக் கூடாதேப்பா!"

"கருவாடு வேணாங்க்கா. கொழம்பு மட்டும் ஊத்து."

ஊற்றினார். கூடவே நாலைந்து துண்டு கருவாடும் விழுந்தது. (நான் தடுக்கவில்லை.) பஸ்ஸிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கொட்டகைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். புளித்த கூழ் தொண்டையில் குளுகுளுவென்று இறங்கியது. அதற்குப் பின்னாலேயே குழம்பின் காரம். சின்ன வெங்காயம் ஒரு கடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடுவில் பஸ் உறுமும் சத்தம் கேட்டது. டிரைவர் வண்டியைச் சரிபார்க்கிறார் என்று நினைத்து, இன்னொரு சொம்பு கேட்டேன்.

குடித்து முடித்து எழுந்து வந்தால், ரோட்டில் புழுதிதான் இருந்தது.

பட்டு வேட்டியைத் தொடைக்குமேல் சுருட்டிக்கொண்டு ஓடினேன். வயிற்றுக்குள் இரண்டு சொம்புக் கூழும் கூடவே குதித்தது. கொஞ்ச தூரத்தில் மூச்சு நின்றுபோய், ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். பொய் சொல்லவில்லை, வாய்விட்டு அழுதேன். இனி அந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள்? என் அப்பா எந்த முகத்தோடு பாகூருக்குத் திரும்புவார்?

அப்போது சைக்கிளில் வந்த ஒரு பாய் நிறுத்தினார். "ஏன் தம்பி அழுவுற?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்றுவரை அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத ஒரே மனிதர் அவர்தான்.

"நானும் மடுகரைக்குத்தான் யாவாரத்துக்குப் போறேன். இந்தக் கூடைய மடியில வச்சிக்கினு பின்னால ஏறு" என்றார்.

கூடை நிறைய வாளைக் கருவாடு.

மடுகரையில் நடந்ததைப் பிற்பாடு எல்லோரும் சொல்லக் கேட்டேன். தலைப்பாகை கசங்கிவிடக் கூடாதென்று கோவிந்தசாமி அண்ணன் அதைத் தன் தலையில் வைத்து, மாலையையும் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார். பஸ் போய் நின்றதும் மேளம் கொட்டி, தூக்கக் கலக்கத்தில் இருந்தவரைக் கைப்பிடித்து இறக்கி, காலைக் கழுவி, ஆரத்தியும் எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். பின்னால் இறங்கிய அண்ணிதான், "ஐயோ, இது எம் புருசன்டி!" என்று அலறியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் இழவு வீடு போல அழுகை. என் பின்னால் மடுகரை நாய்கள் அத்தனையும் வந்துகொண்டிருந்தன. மாமனார் நேராக என்னிடம் வந்தார்.

"எங்கபா போன?"

நான் வாயைத் திறந்தேன். பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"காப்பு கட்டின கையால கருவாடா? இந்தக் கண்ணாலமே வேணாம். எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க!"

அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போனால் தேவலை என்று எனக்கு இருந்தது. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்துட்டாரு இல்லப்பா? குளிக்க வச்சிக் கூப்புடுங்க. எம்மா நேரம் இந்தப் பட்டுப் பொடவ பாரத்தக் கட்டிக்கினு ஒக்காந்திருக்கறது?"

மணப்பெண் அஞ்சலை பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. மாமனார் மூக்கிலிருந்து துண்டை எடுத்தார். பிறகு, "தண்ணி எடுத்தாங்கடா" என்றார்.

கிணற்றடியில் நிறுத்திக் குடம் குடமாக ஊற்றினார்கள். சீயக்காய் போட்டு மாடு தேய்ப்பதுபோலத் தேய்த்தார்கள். ஈரம் காயாமலே மணையில் உட்கார்ந்து தாலி கட்டினேன். அஞ்சலை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முடிச்சுக்குள் முகம் சிவந்துவிட்டது. பெண்ணுக்கு நாணத்தைப் பாரு என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அதன் பிறகு மாமனார் வீட்டில் பொங்கலானாலும் தீபாவளியானாலும் என் இலையில் முதலில் விழுவது கருவாடுதான். குடும்பமே சுற்றி நின்று பார்க்கும். எனக்கு உலகத்திலேயே பிடித்த சாப்பாடு தொண்டைக்குள் இறங்காமல் போனது அப்படித்தான்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பேரன் பேத்தியெல்லாம் பிறந்த பிறகு ஒரு நாள், கூட்டமாக உட்கார்ந்திருந்தபோது அஞ்சலையிடம் கேட்டுத் தொலைத்தேன்: "அன்னிக்கி இன்னா தைரியத்துல என்னைக் கட்டிக்க ஒத்துக்கின?"

அவள் வெற்றிலையை நிதானமாக மென்றாள்.

"ஆரத்தி எடுக்கறப்ப சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். செவப்பா, மீசையோட, நல்லாத்தான் இருந்தாரு. சரின்னு மனசத் தயார் பண்ணி வச்சிருந்தேன். அப்புறம்தானே நீங்க வந்தீங்க!"

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கோவிந்தசாமி அண்ணனைத்தான் முதலில் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்கள். எண்பது வயதிலும் அவர் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறார்.