இடது கை பாக்கி

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவது முறை. இங்கே இருப்பது நான் ஒருவன்தான், என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கு நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் மேல் உள்ள புகாரைக் காகிதத்தில் எழுதுகிறானே மனுஷன் என்று சிரிக்காதே. போனில் ஆரம்பித்தால் நான் மூக்கைச் சிந்துகிறேன், நீயும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறாய், விஷயம் நகரமாட்டேன் என்கிறது.

விஷயம் என் கோட்டு. உன் அக்கா போய்ச்சேர்வதற்கு முன் எனக்காகச் சாம்பல் நிறத்தில் ஒன்று தைத்துக்கொண்டிருந்தாளே, அது வலது கையோடு நிற்கிறது. இடது கை இல்லை. தெருமுனைத் தையல்காரர், "வலது கையையே திருப்பிப் போட்டு வெட்டிடலாம் சார்" என்றார். அது ஆகாது. மாடிப்படியில் விழுந்து முறிந்து ஒட்டியதிலிருந்து என் இடது கை ஒரு விரற்கடை குட்டை, தோளும் கொஞ்சம் சரிவு. அந்த அளவு உன் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அதைத் தன் தையல் சாப்ட்வேரில் வரைந்து வைத்திருக்கிறாள். அச்சடித்துக் கொண்டுவந்தால் ஒரே நாளில் தைத்துத் தருகிறேன் என்கிறார் அவர். இவ்வளவுதானே என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன் பார், அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அதில் எனக்கும் அவளுக்கும் தனித்தனிக் கணக்கு. என் பேரில் திறந்தால் அந்த சாப்ட்வேர் அசையமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன், சாட்சிக்கு இருக்கட்டும் என்று கோட்டையும் மாட்டிக்கொண்டு. "இன்னொரு கை எங்க சார்?"னு கேட்டார். "அதுக்குத்தானய்யா வந்திருக்கேன்"னேன். தட்டிப் பார்த்துட்டு, "இதைப் போட்டவங்க அவங்க பேருக்கு மட்டும் போட்டிருக்காங்க சார், உங்க பேர்ல ஓடாது"ன்னார். அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்கன்னேன். போட்டார். திறந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல மச்சான், சாமான் எல்லாம் ஏத்திட்டுப் போன வீடு மாதிரி. படமெல்லாம் அவ பேர்ல இருக்கற பெட்டிக்குள்ள இருக்காம். அதைத் தொட்டா, 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வருது. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு அனுமதி இல்லையாம்! "எதுக்கு சார் கஷ்டம், அவங்க பாஸ்வேர்டு தெரியுமில்ல, அவங்க பேர்லயே திறந்து அச்சடிச்சுக்கங்க, ரெண்டு நிமிஷ வேலை"ன்னு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

ரெண்டு நிமிஷம்! அவ பேர்ல திறந்தா முதல்ல ஒரு மஞ்சள் கட்டம் வந்து குதிக்குது. அவ தனக்குத்தானே எழுதி வெச்சது: 'அவர் கோட்டு, இடது கை பாக்கி. குளிருக்குள்ள முடிக்கணும். மறுபடி சளி பிடிச்சா என்னால மல்லுக்கட்ட முடியாது.' சளி பிடிக்க நான் இருக்கேன், மல்லுக்கட்டத்தான் ஆளில்ல. கீழ 'சரி'ன்னு இருக்கறதை அமுக்கினாத்தான் கட்டம் போகும். எதைச் சரின்னு அமுக்கறது, சொல்லு? நாலு தடவை திறந்தேன், நாலு தடவையும் சுவரோட சுவிட்சை அணைச்சுட்டு எழுந்துட்டேன். கடைசித் தடவை டப்பா ஒரு மாதிரி ஊளையிட்டுச்சு, நானும்தான்.

அதனால ஞாயித்துக்கிழமை நீ வந்து எல்லாத்தையும் என் பேருக்கு மாத்திக் கொடுத்துடு. இன்னொண்ணும் கேக்கணும். அந்த சாப்ட்வேரைப் போடும்போதே 'எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா'ன்னு கேக்குமாம். உன் அக்கா 'எனக்கு மட்டும்'னு அமுக்கியிருக்கா. ஒரே மூக்குக்கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுப் பேப்பர் படிச்சவங்கய்யா நாங்க! நான் என்ன வேத்தாளா? என் மேல அவளுக்கு உள்ளுக்குள்ள ஏதாவது வருத்தமா, கூடப் பிறந்தவன் உன்கிட்டயாவது சொன்னாளா? மூணு நாளா இதே நெனப்பு, சாப்பாடு இறங்கமாட்டேங்குது. மறைக்காம சொல்லிடு.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். பெரியவள் நன்றாகப் படிக்கட்டும், சின்னவன் பல்லை உடைத்துக்கொள்ளாமல் சைக்கிள் பழகட்டும். இரண்டு பேருக்கும் என் ஆசி. அத்தையின் பங்கையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஞாபகம் வந்தது. அந்த சாப்ட்வேரைப் போட்டது அவ இல்ல மச்சான். நான்தான். அன்னைக்கு அவ வாயில நாலு குண்டூசி, கை ரெண்டும் துணியில. "என்னமோ கேக்குது, கொஞ்சம் பாருங்க"ன்னா. படிச்சுக் காட்டினேன். ஊசியைக் கடிச்சுக்கிட்டே, "எல்லாருக்கும்னு போடுங்க, என்னைக்காவது உங்களுக்கும் வேணும்"னா. "உன் தையல் எனக்கெதுக்குடி, நான் என்ன கவுனா தைக்கப் போறேன்?"னு சொல்லிட்டு, 'எனக்கு மட்டும்'னு இருந்ததை நான்தான் அமுக்கினேன். அவ சிரிச்சதுல ஒரு ஊசி கீழ விழுந்துச்சு, ரெண்டு பேருமா குனிஞ்சு தேடினோம்.

அதனால மேல எழுதினதையெல்லாம் அடிச்சுடு. எதையும் என் பேருக்கு மாத்த வேண்டாம், அவ பேர்லயே இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடு. நீ திற, அந்த மஞ்சள் கட்டத்தை நீ பார்த்துக்கோ, நான் அடுப்படியில நின்னுக்கறேன். இடது கையை மட்டும் அச்சடிச்சுக் கொடு. குளிர் ஆரம்பிச்சுடுச்சு. எனக்குச் சளியும் பிடிச்சுடுச்சு.